ஆல்ஃப்ரெட் ரோஸின் குரல் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கும், பணஜி ஆகாசவாணி நிலையத்தாருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஆல்ஃப்ரெட் ரோஸும் அவர் தலைமுறையைச் சேர்ந்த மற்ற கொங்கணி மேடைப் பாடகர்களும் வானொலிக்காகப் பாடியதில் இன்று உங்களிடம் எவை மிஞ்சியிருக்கின்றன? அதை ஒரு பட்டியலாகப் போட்டு வெளியிடுங்கள். அப்புறம், மிஞ்சியதை எல்லோரும் கேட்கும்படி திறந்துவிடுங்கள். கர்நாடக, இந்துஸ்தானி மேதைகளின் பழைய கச்சேரிகளைத் தூசி தட்டி, குறுந்தகடாகவும் இணையத்திலும் கொண்டுவந்தவர்கள் நீங்கள். அதே வேலையைத்தான் கேட்கிறேன், வேறு ஒரு மேடைக்கு.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். நான் கோவாவின் வாஸ்கோவில் வளர்ந்தவன். அப்பாவுக்கு மர்மகோவா துறைமுகத்தில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் கொங்கணி. எனக்கு விவரமாகக் கோபப்படவும் கேட்கவும் வருவது தமிழில்தான். உங்கள் வானொலி எல்லா மொழிக்கும் பொதுவானது என்பதால் மொழி ஒரு தடையாக இருக்காது என்று நம்புகிறேன். கூடவே ஓர் ஆசையும் உண்டு. கோவா என்றால் கடற்கரையும் மலிவு விலை மதுவும்தான் என்று நினைக்கிற தமிழ் வாசகர்களுக்கு, அங்கே 130 ஆண்டுக்கு மேலாக ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்து வாழவைக்கும் ஒரு நாடகம் இருக்கிறது என்று இந்தச் சாக்கில் சொல்லிவிடலாம்.

அந்த நாடகத்தின் பெயர் தியாத்ர். 1892 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு அன்று பம்பாயின் நியூ ஆல்ஃப்ரெட் தியேட்டரில் முதல் தியாத்ர் அரங்கேறியது. லூகாசின்யோ ரிபெய்ரோ என்பவர் இத்தாலிய ஆப்பரா குழு ஒன்றைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி கொங்கணியில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். அவரோடு சேர்ந்து நடித்த ஜுவாவ் அகஸ்தின்யோ ஃபெர்னாண்டஸைத்தான் இன்று ‘தியாத்ரின் தந்தை’ என்கிறார்கள். மட்காவ் ரவீந்திர பவனில் அவர் நினைவாக ஓர் அரங்கம் இருக்கிறது. அவர் மனைவி ரெஜினா 1904-இல் மேடை ஏறினார். பெண் வேடத்தையும் ஆண்களே போட்ட காலம் அது.

கோவா மக்களின் கலை ஏன் பம்பாயில் பிறந்தது என்றால், கோவா மக்கள் பிழைப்புக்குப் போன இடம் அது. கப்பல் வேலைக்காரர்கள், சமையல்காரர்கள், ஆயாக்கள், பேண்ட் வாசிப்பவர்கள். தோபி தலாவ் பக்கம் ‘குட்’ என்று சொல்லப்பட்ட ஊர்ச் சங்க விடுதிகளில் தங்குவார்கள். ஊருக்கு ஒரு குட். சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள், நடுச்சுவரில் ஊர்ப் புனிதரின் பீடம், ராத்திரி ஜெபமாலை முடிந்தால்தான் சாப்பாடு. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிற மனிதனுக்குத் தன் மொழியில் சிரிக்கவும் அழவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைத் தியாத்ர் கொடுத்தது.

ஆல்ஃப்ரெட் ரோஸ் இந்த வழியில் வந்தவர். இயற்பெயர் ரொசாரியோ ஆல்ஃப்ரெடோ ஃபெர்னாண்டஸ். பார்தேஸ் தாலுகாவின் ஆல்டோனா கிராமத்தில் 1932 ஆகஸ்ட் 5-இல் பிறந்தார். பாட்டு எழுதினார், மெட்டுப் போட்டார், பாடினார், நடித்தார், சொந்தமாகத் தியாத்ர் எழுதி இயக்கினார். மனைவி ரீட்டா ரோஸும் பாடகிதான். இருவரும் சேர்ந்து பாடினார்கள். ‘மெலடி கிங்’ என்று ரசிகர்கள் வைத்த பெயர் கடைசிவரை நிலைத்தது. 1966-இல் வந்த ‘நிர்மோன்’ படத்தில் கிளாவ்தியா என்ற பெண்ணின் பெயரைச் சொல்லி அழைக்கும் பாட்டைப் பாடியவர் அவர்தான். இன்றைக்கும் கோவாவில் கல்யாண வரவேற்பில் பேண்ட்காரர் அதன் முதல் வரியை எடுத்தால் போதும், மூன்று தலைமுறையும் சேர்ந்து பாடும். 2003 அக்டோபர் 21-இல் அவர் மறைந்தார்.

அவர் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தியாத்ர் மேடை சத்தமான இடம். டிரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸ் எல்லாம் மேடைக்குக் கீழேயே உட்கார்ந்து முழங்கும். பால்கனியிலிருந்து விசில் பறக்கும். ஆகவே அங்கே பாடுகிறவர்களில் பலர் தொண்டையைத் திறந்து, கடைசி வரிசைக்கும் எட்டும்படி ஓங்கிப் பாடுவார்கள். அது அந்த மேடையின் தேவை, குறை சொல்லவில்லை. ரோஸ் மைக்கை நம்பிப் பாடியவர். குரலைத் தள்ள மாட்டார். சொல்லைச் சொல்லிவிட்டு அதன் கடைசி எழுத்தைக் கொஞ்ச நேரம் நிற்கவிடுவார். வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான குரல் கிடைக்காது. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா மீன் கழுவிக்கொண்டே டிரான்சிஸ்டரில் அவரைக் கேட்பார். பாட்டு வந்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார், சத்தம் குறுக்கே வரக்கூடாது என்று. என் அம்மாவுக்குக் கொங்கணி அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் அவரும் கொல்லைப்பக்கம் ஏதோ ஒரு வேலை வைத்துக்கொள்வார்.

சரி, பாட்டு நல்ல பாட்டு, குரல் நல்ல குரல், கேசட்டுகள் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் கிடைக்கிறதே, வானொலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மடலின் மையமே இதுதான். அதற்கு, தியாத்ரில் பாட்டு எங்கே வருகிறது என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு தியாத்ரில் வழக்கமாக ஆறு ஏழு அங்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிடம். அங்கம் முடிந்ததும் முன்திரை விழும். உள்ளே அரங்கச் சாமான்களை மாற்றுகிற நேரத்தில், திரைக்கு முன்னால் ஒரு பாடகர் வந்து நிற்பார். அவர் பாடுவதற்கும் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கதையில் மாமியார் செத்துக்கொண்டிருப்பார், இவர் வந்து பஞ்சாயத்துத் தேர்தலைப் பற்றிப் பாடுவார். ஜனங்களுக்கு அது உறுத்தாது. நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் பஃபூன் வந்து கதையை நிறுத்திவிட்டு ஊர் விவகாரம் பேசுவதைப் பார்த்தவர்களுக்கும் உறுத்தாது. இந்தத் தனிப்பாட்டுகளைக் காந்தார் என்கிறார்கள். ஒருவர் பாடுவது, இருவர் பாடுவது, மூவர், நால்வர் என்று வகைகள் உண்டு. கதைக்குள்ளேயே வரும் பாட்டுகள் வேறு கணக்கு. டிக்கெட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் காந்தாருக்காகவே வருகிறார்கள் என்பது என் எண்ணம். விளம்பர வண்டி மைக்கில் கதையைச் சொல்லாது, யார் யார் பாடுகிறார்கள் என்றுதான் அடுக்கும்.

திரைக்கு முன் நிற்பவருக்கு ஐந்தாறு நிமிடம்தான். பேண்ட்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, முன்னிசை, பிறகு முதல் சரணம். அதில் விஷயத்தைப் போடுவார். இரண்டாவதில் சிரிப்பு. மூன்றாவதில் பெயர் சொல்லாமல் ஆளைக் குறிப்பிடுவார், அரங்கம் ஆர்ப்பரிக்கும், ‘ஒன்ஸ்’ என்று கத்தும். மறுபடி வருவார். கையில் இன்னொரு சரணம் தயாராக இருக்கும், முன்னதைவிடக் காரமாக. மட்காவில் ஒருமுறை ஒரு பாடகர் ஒரு அமைச்சரைப் பற்றி அப்படிப் பாடும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் தட்டிவிட்டார்கள்.

ஆகவே காந்தாருக்குத் தேதி முக்கியம். குடிகாரக் கணவன், கப்பலில் போனவனுக்குக் காத்திருக்கும் மனைவி, பாட்காருக்கும் (நிலச் சொந்தக்காரர்) முண்ட்காருக்கும் (அவர் நிலத்தில் குடியிருப்பவர்) நடந்த நிலத் தகராறு, அதற்கு 1975-இல் வந்த சட்டம், இழுவைப் படகுகளுக்கு எதிராக ரம்பொண்கார் எனப்படும் கரைவலை மீனவர்கள் நடத்திய போராட்டம், வளைகுடா வேலை, கொங்கண் ரயில் எந்த வழியாகப் போவது என்ற சண்டை, இப்போது சுரங்கம், சூதாட்டக் கப்பல். கோவாவின் நாளிதழில் வந்த எதுவும் ஒரு வாரத்தில் மேடைக்கு வந்துவிடும். 1967 ஜனவரி 16-இல், கோவா மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டுமா தனியே இருக்க வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்களே, அப்போது உல்ஹாஸ் புயாவ், எம். போயர் போன்ற பாடகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். தனியே இருக்கலாம் என்றவர்கள் 1,72,191 பேர், சேரலாம் என்றவர்கள் 1,38,170 பேர். பாட்டுதான் அந்த 34,021 வாக்கு வித்தியாசத்தைத் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோவாவில் அந்தக் காலத்து ஆட்களிடம் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சாளர் பெயர் வருவதற்கு முன் பாட்டு வரும்.

இப்போது இணையத்தில் கிடைக்கும் கொங்கணிப் பாட்டுகளைப் பாருங்கள். பாட்டு இருக்கும், பாடியவர் பெயர் பாதி இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, வாசித்தவர்கள் யார் என்று அறவே இருக்காது. பழைய கேசட்டின் உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இதெல்லாம் இருந்தது. பாட்டை ஏற்றியவர்கள் தாளை விட்டுவிட்டார்கள். கேலிப் பாட்டு யாரைக் கேலி செய்தது என்று தெரியாவிட்டால் அதில் மெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

வானொலி இந்த இடத்தில்தான் கைகொடுக்க முடியும். வானொலியில் எதையும் தேதி போடாமல் செய்ய மாட்டார்கள். ஒலிப்பதிவு நாள், ஒலிபரப்பு நாள், நேரம், கலைஞர் பெயர், சம்பளச் சீட்டு, ஒப்பந்தக் கடிதம், டேப்போடு போகும் விவரத்தாளான கியூ ஷீட். கேட்கிறவனுக்கு அலுப்பூட்டும் இந்தக் காகிதங்கள்தான் கோவாவின் மேடைப் பாட்டுக்கு இன்று இல்லாத பிறப்புச் சான்றிதழ். போர்த்துகீசியர் நடத்திய ‘எமிசோரா தெ கோவா’ வானொலி 1961 டிசம்பரோடு முடிந்து, 1962-இல் ஆகாசவாணி வந்தது. பம்பாய் நிலையத்திலும் கொங்கணி நிகழ்ச்சி ஒலித்தது. ஆகவே தேட வேண்டிய இடம் ஒன்றல்ல. பணஜியின் ஆல்தின்யோ மேட்டில் இருக்கும் அலமாரியையும் பார்க்க வேண்டும், மும்பையையும் பார்க்க வேண்டும்.

தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தியாத்ர் மேடையில் பெரும்பாலும் சொந்தப் பெயர் கிடையாது. ரொசாரியோ ஆல்ஃப்ரெடோ ஃபெர்னாண்டஸ்தான் ஆல்ஃப்ரெட் ரோஸ். பத்மஸ்ரீ வாங்கிய எம். போயரின் இயற்பெயர் மனுவேல் சந்தானா அகியார். சி. ஆல்வாரிஸ், கிட் பாக்ஸர் என்று மேடைப் பெயர்கள் நீளும். காசோலை ஒரு பெயரில் போயிருக்கும், டேப் பெட்டியின் முதுகில் வேறு பெயர் இருக்கும். கோவாவில் ஃபெர்னாண்டஸ்களுக்குப் பஞ்சமும் இல்லை. டில்லியில் உட்கார்ந்து ஒருவர் கணினியில் பெயர்களைத் தட்டினால், ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்துவிடுவார், இரண்டு ஆள் ஒன்றாகிவிடுவார்கள். இந்தப் பட்டியலைக் கொங்கணி மேடை தெரிந்தவர்களை வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். கோவா தியாத்ர் அகாடமி என்று ஓர் அமைப்பே இருக்கிறது, அவர்களைக் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்ற பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு டிரம்பெட் ஊதலைக் கேட்டு ‘இது இன்னார்’ என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

வாத்தியக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சுரக்குறிப்பு படித்து வந்தவர்கள்தான் பம்பாய் ஹிந்திப் படங்களின் வாத்தியக் குழுக்களை நிரப்பினார்கள். ஆண்டனி கொன்சால்விஸ், செபாஸ்டியன் டிசோசா என்று சில பெயர்களாவது வெளியே தெரியும். 1963-இல் ‘ஆம்சேம் நொசிப்’ என்ற கொங்கணிப் படத்தை எடுத்த ஃபிராங்க் ஃபெர்னாண்ட் ஹிந்திப் பட இசை உலகில் வேலை பார்த்தவர்தான். பகலில் ஸ்டூடியோவில் வாசித்தவர்கள் ராத்திரி தியாத்ருக்கு வந்து வாசித்ததும் உண்டு. அந்தக் கைகள் யாருடையவை என்று கியூ ஷீட் சொன்னால், அது கொங்கணிக்கு மட்டும் லாபம் இல்லை.

உரிமைச் சிக்கல் வரும் என்பீர்கள். வரட்டும், அது தீர்க்க முடியாதது அல்ல. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. சொல்லுக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ரோஸ் எழுதியவை 2063 முடியும் வரை அவர் வாரிசுகளுக்கோ அவரிடம் உரிமை வாங்கியவர்களுக்கோ உரியவை. ஆகவே ஒலியைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும், வருமானம் வந்தால் பங்கும் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்க வேண்டும் என்றாலும் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே. பட்டியல் போடுவதற்கு எந்த உரிமையும் குறுக்கே நிற்காது.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருக்கிறது. சில டேப்புகள் இல்லாமல் போயிருக்கும். டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒலிபரப்பு முடிந்ததை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்க வானொலிகளில் இருந்த வழக்கம். கடலோரத்துப் புழுக்கத்தில் காந்த நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நடந்தது நடந்துவிட்டது. இல்லை என்றால் இல்லை என்றே பட்டியலில் எழுதுங்கள். ‘இந்த நாளில் இவர் பாடினார், டேப் இல்லை’ என்ற ஒரு வரி வந்தால்கூட, அந்த நிகழ்ச்சியை வீட்டு ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்திருக்கும் யாராவது பரணைத் தேடுவார்கள். பம்பாயிலிருந்து வளைகுடாவுக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போன கோவா குடும்பங்கள் சாமான்களோடு கேசட்டுகளையும் கொண்டுபோனவர்கள். எதைத் தேடுவது என்று சொன்னால்தான் அவர்களும் தேடுவார்கள்.

எழுத்து விஷயத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1987-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரியில் எழுதும் கொங்கணியைத்தான் ஆட்சிமொழி என்கிறது. தியாத்ர்காரர்களோ தலைமுறை தலைமுறையாக ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இந்தச் சண்டைக்குக் கோவாவில் முடிவு கிடையாது, நான் அதில் தலையிட ஆளும் இல்லை. பாட்டுவரிகளை வெளியிடும்போது இரண்டிலும் போட்டுவிடுங்கள். பாடகர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியே பெயர் இருக்கட்டும். இதற்காக ஒரு குழு அமைத்து மூன்று வருடம் தள்ளிவிட மட்டும் வேண்டாம்.

ரோஸுக்கு விழா வேண்டும், சிலை வேண்டும், தெருவுக்குப் பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். பாடகனுக்குச் சிலை வைத்தால் அது வாயைத் திறக்காது. அவர் பாடிய நாள், அந்த வாரம் ஊரில் நடந்தது, பின்னால் வாசித்தவர்கள், கூடப் பாடிய ரீட்டா ரோஸின் பெயர், இவையெல்லாம் ஒன்றாக ஓர் இடத்தில் வேண்டும். வாஸ்கோவில் இப்போது பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, அவன் தாய்மொழி கொங்கணியோ தமிழோ கன்னடமோ, கைப்பேசியில் தட்டினால் அது வரவேண்டும்.

ஏப்ரல் 17-ஐக் கோவாவில் தியாத்ர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் முழுப் பட்டியலும் முடியாது என்று எனக்கும் தெரியும். ஆல்ஃப்ரெட் ரோஸ் என்ற ஒரே பெயரில், இரண்டு நிலையங்களிலும் சேர்த்து, முதல் தவணையைப் போடுங்கள். கொங்கணி தெரிந்த ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். கியூ ஷீட்டுகளைப் படித்துத் தட்டச்சு செய்ய நான் வருகிறேன். எனக்குத் தெரிந்து, சம்பளம் கேட்காமல் வரக்கூடியவர்கள் வாஸ்கோவிலும் மட்காவிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாஸ்கோவில் வளர்ந்த ஒரு வானொலி நேயர்